"ஆமா... ஆனா": தேங்கி நிற்கும் மனமும் நபர் மையக் கவுன்சிலிங்கும்

1930களில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், குழந்தைகளுக்கான உளவியல் சேவையில், பின்னாளில் நபர் மையக் கவுன்சிலிங் முறையை உருவாக்கிய உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அடங்காத பையன் ஒருவனின் அம்மாவோடு அவருக்குத் தொடர்ந்து சந்திப்புகள் நடந்தன. சின்ன வயதிலேயே அம்மா பையனை மனதளவில் ஒதுக்கியதுதான் சிக்கலின் வேர் என்று ரோஜர்ஸ் கணித்திருந்தார். அதை அந்த அம்மாவே உணரவேண்டும் என்று பொறுமையாக, பக்குவமாக, பல வாரம் முயன்றார். ஒன்றும் நகரவில்லை. கடைசியில், நாம் இருவரும் முயன்று பார்த்துவிட்டோம், இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் சரி என்று எழுந்து வாசல்வரை போனார். போனவர் திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சிலிங் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் அதே நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, தன் கல்யாண வாழ்க்கையின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் ஒப்புவித்த 'பையனின் வரலாறு' இதன் பக்கத்தில் வெறும் காகிதம். உண்மையான வேலை அன்றுதான் ஆரம்பித்தது. அம்மாவும் தேறினார், பையனும் தேறினான்.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் பிற்காலத்தில் உறுதியாகச் சொன்னதற்குப் பின்னால் இந்த நாற்காலி இருக்கிறது. பல வாரம் தேங்கிக் கிடந்தது அந்த அம்மா மட்டுமல்ல, ரோஜர்ஸும்தான். அவருடைய கணிப்பு தவறாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. கணிப்பு யாருடையது என்பதில்தான் சிக்கல்.

வந்தவரே வழியைக் கண்டுகொள்ள, கவுன்சிலர் கேட்டுத் துணைநிற்கும் இந்த நபர் மைய முறைக்கு நம் மொழியில் பெயர் வைப்பதே ஒரு பாடு. தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்றால் பாதிப் பேருக்குப் பொறியியல் கல்லூரி சீட்டுதான் நினைவுக்கு வரும். 'ஆலோசனை' என்றால், "என்ன செய்யணும்னு சொல்லுவாங்க" என்ற எதிர்பார்ப்போடுதான் ஆள் வந்து உட்காருவார். 'ஆற்றுப்படுத்துதல்' என்றும் ஒரு சொல் புழங்குகிறது. ஆற்றுப்படைப் பாட்டில் பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு எந்த வழி, எந்த ஊர், எந்த வள்ளல் என்று எல்லாமே சொல்லிவிடுவார். இங்கே நடப்பதோ அதற்கு நேர் எதிர். இலங்கைத் தமிழில் வழங்கும் 'உளவளத்துணை' எவ்வளவோ மேல். அதில் துணை இருக்கிறது, உபதேசம் இல்லை.

ஏன் தேங்குகிறோம்

தேங்கி நிற்பவருக்கு அறிவுரைப் பஞ்சம் இருப்பதே இல்லை. மாமா சொல்லியிருப்பார், சிநேகிதி சொல்லியிருப்பார், யூடியூப் சொல்லியிருக்கும். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில் உண்டு: "ஆமா... ஆனா".

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் பள்ளி ஆசிரியை, வயது 41. அப்பா காலமாகி இரண்டு வருடம். அப்பா கட்டிய வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். தங்கையின் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்கிறார். இவர் கையெழுத்தும் போடவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்திரம் பீரோவில் இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. அண்ணனின் போன் வந்தால் வயிற்றைப் பிசைகிறது.

"சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கு, விட்டுக்கொடுக்காதீங்க" என்று ஒருவர் சொன்னால் இவர், "ஆமா... ஆனா அண்ணன்தான் அப்பாவைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டார்" என்பார். "அண்ணன்தானே, போட்டுக் கொடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்று இன்னொருவர் சொன்னால், "ஆமா... ஆனா எம் பொண்ணுக்கு நாளைக்கு என்ன இருக்கு?" என்பார். பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. தராசின் ஒரு தட்டில் வெளியாள் கல்லை வைக்கும்போதெல்லாம் இவர் மறு தட்டுக்கு ஓடவேண்டியிருக்கிறது, அங்கே இருப்பதைக் காப்பாற்ற. இரண்டு பக்கமும் அவருடையவைதானே. ஒன்றைத் தோற்கடித்து மற்றொன்றை ஜெயிக்கவைக்கும் எந்த யோசனையும் பாதி அவரைத் தோற்கடிக்கிறது.

ரோஜர்ஸ் 1959-இல் எழுதிய கோட்பாட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அன்பு வேண்டும் என்பது குழந்தையின் அடிப்படைத் தேவை. அந்த அன்பு பெரும்பாலும் நிபந்தனையோடு வருகிறது: அழாதே, எதிர்த்துப் பேசாதே, விட்டுக்கொடு, அப்போதுதான் நீ நல்ல பிள்ளை. நாளடைவில் வெளியிலிருந்த நிபந்தனை உள்ளே குடியேறிவிடும். பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை. கோபம் வந்தாலே 'நான் கெட்டவள்' என்று தோன்றிவிடும். ஆகவே கோபம் கோபமாக உணரப்படுவதே இல்லை. வயிற்று வலியாக வரும், தூக்கமின்மையாக வரும், "என்னமோ மனசே சரியில்ல" என்று வரும். நம் ஆசிரியை 'நல்ல தங்கச்சி'யாக வளர்க்கப்பட்டவர். உள்ளே நடப்பதற்கும் தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் படத்துக்கும் இடையே விழுந்த பிளவில்தான் அந்தக் கையெழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒதுக்கப்பட்ட பகுதி பேசாதவரை எந்த முடிவும் முடிவாகாது. போட்டுக்கொடுத்தாலும் உறுத்தும், மறுத்தாலும் உறுத்தும்.

கேட்பது என்ற வேலை

1957-இல் ரோஜர்ஸ் ஒரு கட்டுரையில் ஆறு நிபந்தனைகளை வைத்தார். இருவரிடையே உயிருள்ள தொடர்பு வேண்டும். வந்தவர் மேலே சொன்ன பிளவில் தவிப்பவராக இருக்கவேண்டும். கவுன்சிலர் அந்த உறவில் வேஷமில்லாமல் இருக்கவேண்டும். வந்தவரை நிபந்தனையின்றி ஏற்கவேண்டும். அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டும். இந்த ஏற்பும் புரிதலும் கொஞ்சமாவது வந்தவருக்குப் போய்ச் சேரவேண்டும். பாடப்புத்தகங்கள் நடுவிலுள்ள மூன்றை மட்டும் எடுத்து 'மூன்று அடிப்படைப் பண்புகள்' ஆக்கிவிட்டன. நடைமுறையில் பெரும்பாலும் சறுக்குவது ஆறாவதில். கவுன்சிலர் மனசுக்குள் உருகிக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவருக்கோ ஒரு தலையாட்டும் பொம்மைதான் தெரியும்.

அந்தப் புரிதல் எப்படிப் போய்ச் சேருகிறது? ஆசிரியை இப்படிச் சொல்கிறார்: "கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிடும் மேடம். ஆனா பேனாவ எடுத்தா கை வரமாட்டேங்குது."

"பேனாவை எடுத்தா கை வரமாட்டேங்குது" என்று கவுன்சிலர் அப்படியே திருப்பிச் சொன்னால் அது கிளிப்பிள்ளை வேலை. இரண்டு முறைக்கு மேல் எரிச்சல் வரும். "உங்களுக்குக் குழப்பமா இருக்கு" என்பது தவறில்லை, ஆனால் தட்டையானது. அவர் சொன்னதைவிடக் குறைவாகத்தான் அதில் இருக்கிறது. "உங்க அண்ணன் மேல உங்களுக்குக் கோபம்" என்பது அவசரம். உண்மையாகவே இருந்தாலும், அவர் இன்னும் வந்து சேராத இடத்துக்குக் கையைப் பிடித்து இழுப்பதாகும். பதில் "சேச்சே, கோபமெல்லாம் இல்ல மேடம்" என்று வரும். ரோச்செஸ்டரில் நடந்ததும் இதுதான்.

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "முடிஞ்சாப் போதும்னு நீங்க நினைக்கிறீங்க. கை மட்டும் ஒத்துக்கல... அதுக்கு ஏதோ இன்னும் முடியல போல." சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். பத்துப் பதினைந்து நொடி மௌனம் வரும். பேசியே பழகியவர்களுக்கு அது ஒரு யுகம்; புதிய கவுன்சிலர்கள் அங்கேதான் ஒரு கேள்வியைப் போட்டுக் கெடுப்பார்கள். பொறுத்தால், "கை ஒத்துக்கல... ஆமா. பங்குகூடப் பெரிசில்ல மேடம். உனக்குச் சம்மதமாம்மான்னு ஒருதடவகூட அவர் என்னைக் கேக்கல" என்று வரலாம்.

இரண்டு வருடமாகச் சொத்து வழக்காக இருந்தது ஒரு நொடியில் வேறொன்றாகிவிட்டது. இந்த வாக்கியத்தை எந்த ஆலோசகராலும் யோசித்துத் தந்திருக்க முடியாது.

இந்தப் பதில்களை 'உணர்வைப் பிரதிபலித்தல்' என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அது ஒரு உத்தியாகச் சுருங்கியதைக் கண்டு ரோஜர்ஸுக்கே அந்தச் சொல் பிடிக்காமல் போயிற்று. தான் கண்ணாடி பிடிக்கவில்லை, தன் புரிதல் சரிதானா என்று வந்தவரிடமே சரிபார்ப்பதாக 1986-இல் எழுதினார். வித்தியாசம் குரலில் இருக்கிறது. ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் காதுக்குக் கேளாத ஒரு "அப்படித்தானே?" தொங்கிக்கொண்டிருக்கவேண்டும். "இல்ல, அப்படி இல்ல..." என்று வந்தவர் திருத்தினால் அது தோல்வி இல்லை. திருத்துவதற்காக அவர் உள்ளே திரும்பிப் பார்த்தாரே, அதுதான் லாபம்.

அந்தத் திரும்பிப் பார்ப்பதை ஆராய்ந்தவர் யூஜின் ஜெண்ட்லின். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர், சிகாகோவில் ரோஜர்ஸோடு வேலை செய்த தத்துவவாதி. ஒலிப்பதிவு செய்த அமர்வுகளைக் கேட்டபோது, தேறுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் வேறுபாடு தெரிந்தது. அவர்கள் சரளமாகப் பேசுவதில்லை. நடுவில் நிறுத்தி, "இல்ல... அது கோபம் இல்ல... ஒரு மாதிரி... இங்க அடைக்குது" என்று தடவித் தடவிச் சொல் தேடுவார்கள். தெளிவில்லாத அந்த உடலுணர்வில் தங்கிச் சரியான சொல் அகப்படும்போது ஒரு பெருமூச்சு வரும், தோள் இறங்கும். 'ஃபோகசிங்' என்று அவர் வளர்த்தெடுத்த முறை இதிலிருந்து பிறந்தது. தமிழில் இதற்கு வசதி அதிகம். நெஞ்சடைப்பது, வயிறு எரிவது, மனசு கனப்பது, தொண்டையில் சிக்குவது என்று நாம் உணர்ச்சியை உடம்பில் வைத்துத்தான் பேசுகிறோம். இதைப் 'பதற்றம்', 'மனச்சோர்வு' என்று மொழிபெயர்க்க அவசரப்படும் கவுன்சிலர் கையிலிருக்கும் நூலை விட்டுவிடுகிறார். "வயிறு எரியுதுன்னா... எப்படி எரியுது?" என்று அங்கேயே நிற்பது நல்லது.

மாறவேண்டாம் என்று சொல்லும் பகுதி

தேக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால், எப்படியாவது நகர்த்திவிடவேண்டும் என்று தோன்றும். கவுன்சிலரும் மனிதர்தானே. நகர்வைக் குறிக்கும் சொல் வந்தால் கண் மலரும், பழைய பாட்டு வந்தால் முகம் சுருங்கும். வந்தவர் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். நிபந்தனை அன்பிலேயே வளர்ந்தவருக்கு இந்தக் கலை நன்றாகத் தெரியும். பிறகு கவுன்சிலருக்குப் பிடித்ததைப் பேசுவார். அமர்வுகள் அருமையாகப் போகும். பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

பிரிட்டனைச் சேர்ந்த நபர் மையக் கவுன்சிலர்கள் டேவ் மேர்ன்ஸும் பிரையன் தோர்னும் இந்த இடத்தை 2000-இல் கூர்மையாக எடுத்துப் பேசினார்கள். ஒருவருக்குள் வளர விரும்பும் பகுதியும் உண்டு, வேண்டாம் என்று இழுத்துப் பிடிக்கும் பகுதியும் உண்டு. இரண்டுக்கும் சமமான மரியாதை தரவேண்டும் என்றார்கள். இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஒரு காலத்தில் அவரைக் காப்பாற்றிய பகுதி. முடிவெடுக்காமல் இருக்கும்வரை ஆசிரியைக்கு அண்ணனும் உண்டு, உரிமையும் உண்டு. எடுத்தால் ஏதோ ஒன்று போகும். "இப்படியே இழுத்துக்கிட்டுப் போறதுலதான் ரெண்டும் கையில இருக்கு" என்று யாராவது அந்தப் பகுதியின் நியாயத்தை வாய்விட்டுச் சொன்னால், முதல்முறையாக அதற்குத் தன் பிடியைத் தளர்த்த இடம் கிடைக்கிறது. நிபந்தனையற்ற ஏற்பு என்பதன் கடினமான பொருள் இது. நீங்கள் மாறாவிட்டாலும் பரவாயில்லை என்று கவுன்சிலர் உண்மையாகவே நினைக்கவேண்டும். நடித்தால் வேலைக்காகாது.

ஏற்பது என்பதைக் கட்சி சேர்வதோடு குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. "உங்க அண்ணன் ரொம்ப சுயநலம்தான்" என்று கவுன்சிலர் சொன்ன நொடியில், அண்ணன் மேல் பாசம் வைத்திருக்கும் பகுதி வாயை மூடிக்கொள்கிறது.

அமர்வுகள் எப்படி நடக்கும்

வழக்கமாக வாரம் ஒரு முறை, 50 நிமிடம், அதே நாள், அதே நேரம். முதல் அமர்வில் பத்து நிமிடமாவது ஒப்பந்தத்துக்குப் போகும்: கட்டணம், வராவிட்டால் என்ன, ரகசியம் எதுவரை. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-இன் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். இதை முதலிலேயே சொல்லவேண்டும், விஷயம் வெளிவந்த பிறகு அல்ல. ஆறாவது அமர்வு வாக்கில் இது உதவுகிறதா என்று இருவரும் நிறுத்திப் பார்ப்பது நல்ல வழக்கம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் மனச்சோர்வுக்கு இம்முறையைத் தரும்போது 20 அமர்வு வரை அனுமதிக்கிறார்கள்.

"நீங்களே சொல்லுங்க மேடம், நான் என்ன செய்யட்டும்?" என்ற கேள்வி முதல் மூன்று அமர்வுக்குள் நிச்சயம் வரும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பந்தைத் திருப்பி அடிப்பது மோசமான பதில், கேட்டவருக்கு அவமானமாக இருக்கும். கேள்விக்குள் இருக்கும் களைப்பைத்தான் முதலில் கேட்கவேண்டும்: "ரெண்டு வருஷமாத் தனியாத் தூக்கிக்கிட்டிருக்கீங்க. யாராவது வாங்கிக்கிட்டாத் தேவலைன்னு இருக்கு." அதன் பிறகு நேர்மையாகச் சொல்லலாம்: "நான் ஒண்ணு சொன்னா, நீங்க அதுக்கு எதிரா வாதாட வேண்டி வரும். அதனாலதான் சொல்லல." தகவல் வேறு, தீர்ப்பு வேறு. விடுதலைப் பத்திரம் பதிவானால் திரும்பப் பெற முடியுமா என்பது வக்கீலிடம் கேட்கவேண்டிய கேள்வி; அதைக் கேட்டுவரச் சொல்வதில் இம்முறைக்கு எந்தக் குறையும் வராது.

முன்னேற்றம் எப்படித் தெரியும்? ரோஜர்ஸ் ஏழு படிகளை விவரித்தார். முதல் படியில் இருப்பவர் உதவி தேடி வரவே மாட்டார். இரண்டாவதில் எல்லாப் பழியும் வெளியே: அவர் சரியில்லை, நேரம் சரியில்லை. மூன்றாவதில் தன்னைப் பற்றிப் பேசுவார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல. கவுன்சிலிங்குக்கு வருகிறவர்களில் பலர் இங்கேதான் இருப்பார்கள். நான்கு, ஐந்தில் உணர்ச்சி பழங்கதையிலிருந்து இந்த அறைக்குள் வரத் தொடங்கும். ஆறாவதில் உணர்ச்சி அந்தக் கணத்திலேயே உடம்போடு வந்துவிடும். அந்த மாற்றம் பெரும்பாலும் பின்வாங்காது என்பது ரோஜர்ஸின் கணிப்பு. ஏழாவது பெரும்பாலும் அறைக்கு வெளியே, வாழ்க்கையில் நடப்பது. ஆகவே "கையெழுத்துப் போட்டாரா?" என்பது அளவுகோல் இல்லை. "எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல" என்றவர், "அன்னிக்குக் கோபமா இருந்திருப்பேன் போல" என்று சொல்வது நகர்வு. "இப்ப பேசும்போதே கை நடுங்குது" என்பது பெரிய நகர்வு.

இவ்வளவுக்குப் பிறகும் அமர்வே தேங்கிப்போவது உண்டு. வாரா வாரம் அதே கதை, அதே ராகம். வந்து கொட்டிவிட்டு, லேசாகி, வீட்டுக்குப் போய் அதே இடத்தில் நிற்பார். கவுன்சிலர் வேஷமில்லாமல் இருக்கவேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனைக்கு இங்கேதான் வேலை. "மூணு வாரமா இதையே சுத்தி வர்றோம்னு எனக்குத் தோணுது. நான் எதையோ சரியாக் கேக்காம விடறேனோன்னு இருக்கு" என்று சொல்லலாம். அலுப்பைப் பழியாக வீசாமல் தன்னுடையதாக வைப்பது முக்கியம். மனதில் அலுப்பும் முகத்தில் புன்னகையுமாக உட்கார்ந்திருப்பதுதான் இம்முறையில் செய்யக்கூடிய பெரிய பிழை.

எவ்வளவு பலன், எங்கே பலன் இல்லை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, நடுத்தர, தீவிர மனச்சோர்வு உள்ள 510 பேரை நபர் மைய முறைக்கும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் (CBT) குலுக்கல் முறையில் பிரித்தது. ஆறு மாதத்தில் நபர் மைய முறை மற்றதற்குச் சளைக்கவில்லை. ஒரு வருட முடிவில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஓரளவு முந்தியது. பிரிட்டனில் 464 பேரை வைத்து 2000-இல் வெளியான ஆய்வில், நான்கு மாதத்தில் இரண்டு முறைகளுமே வழக்கமான மருத்துவர் கவனிப்பைவிட வேகமாகப் பலன் தந்தன. 12 மாதத்தில் மூன்றும் சமமாகிவிட்டன. அதாவது இது வேலை செய்கிறது, சர்வரோக நிவாரணி இல்லை. ஆறு நிபந்தனைகள் இருந்தாலே போதும், வேறெதுவும் வேண்டாம் என்ற ரோஜர்ஸின் துணிச்சலான கூற்றை இன்று பல ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை.

எல்லாத் தேக்கமும் உள்முரண் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. அடிக்கும் கணவனோடு மாட்டிக்கொண்டவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண் அதற்கானது. கடன் கழுத்தை நெரிப்பவரின் தேக்கத்துக்கு வட்டிதான் காரணம். எதிலும் பிடிப்பில்லாமல், உடல் கனத்து, எடை கூடி இருப்பவருக்குத் தைராய்டு பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது. கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு (OCD) அதற்கென்றே வகுத்த சிகிச்சைகள் இருக்கின்றன. புரிந்துணர்வோடு கேட்பது மட்டும் அங்கே போதாது. சாவைப் பற்றிய நினைப்பு இருந்தால் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகலாகக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

கவுன்சிலரைத் தேடும்போது பலகையை மட்டும் நம்ப முடியாது. மருத்துவ உளவியலாளர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு உண்டு. கவுன்சிலர்களை 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆகவே போனிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடலாம்: எங்கே, எத்தனை காலம் பயிற்சி? ஆட்களை வைத்து மேற்பார்வையில் செய்த பயிற்சியா? இப்போதும் உங்கள் வேலையை மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து கலந்து பேசுகிறீர்களா? மூன்றாவதுக்கு "தேவையில்லை, எனக்கு இருபது வருஷ அனுபவம்" என்று பதில் வந்தால் வேறு எண்ணைப் பார்க்கலாம். இரண்டு மூன்று அமர்வு போன பிறகும் இவருக்கு நான் சொல்வது புரியவில்லை என்று தோன்றினால், அதை அவரிடமே சொல்லுங்கள். அவர் சங்கடப்படுகிறாரா, சமாளிக்கிறாரா, "எந்த இடத்துல விட்டுட்டேன்?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள்.